அடிப்படைச் சுதந்திரங்களும் தீவகப் பெண்களாகிய நாமும்
(நூற்றாண்டு விழாவில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா மேடையில் பாடசாலையின் பெருமை பேசுவதுதான் வழக்கம். எமக்கு முன் பேசியவர்கள் அதை நிறைவாகவே செய்துவிட்டார்கள். செயற்குழு எமக்குத் தந்த விடயம் வேறு: ஜனநாயக நாட்டில் அடிப்படைச் சுதந்திரங்களுக்கு நேரும் ஆபத்து. "இது சட்டத்தரணிமார் பேசுகிற கதையல்லோ?" என்று எம்மில் சிலர் தயங்கினார்கள். ஆனால் தீவகத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது.

நமது சங்கத்தை ஆரம்பித்த அக்காமாருக்கு வாக்குரிமை இருக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்போடு 1931 இல்தான் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்களுக்கும் அது கிடைத்தது. பிரெஞ்சு நாட்டுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய காரியம் அல்ல. ஆனால் கிடைத்த வாக்கை எமது பெண்களால் உடனே போட முடியவில்லை. பூரண சுயராச்சியம் தரப்படவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934 இடைத்தேர்தலில்தான் ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை அரசாங்க சபை உறுப்பினரானார். பகிஷ்கரித்தவர்களின் இலட்சியம் உயர்ந்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் எம்மில் ஒருத்தியின் அம்மம்மா சாகும்வரை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம்: "முதல் முதல் வந்த வோட்டை வேண்டாமெண்டு சொல்ல எங்களை ஆர் கேட்டவை?"

வாக்கு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றும் இல்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு, 1948 இலும் 1949 இலும் நிறைவேறிய சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அது துப்பாக்கி முனையில் நடக்கவில்லை. பாராளுமன்றத்தில் கை உயர்த்தி, பெரும்பான்மை எண்ணி நடந்தது. 1979 இல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அப்படித்தான். 1982 இல் நிரந்தரமாகி நாற்பது ஆண்டுகளைக் கடந்தது. வழக்குத் தொடராமலே பதினெட்டு மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022 திருத்தம் பன்னிரண்டு மாதமாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்ற விதி எத்தனை பிள்ளைகளைச் சிறையில் வைத்தது என்பதை இந்த மண்டபத்திலிருக்கும் தாய்மார் அறிவார்கள்.

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்ததை நாம் இங்கு விவரிக்கப் போவதில்லை. நெடுந்தீவார் முன்னால் அதை விவரிக்கவும் தேவையில்லை.

தேர்தல் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000 ஒக்டோபர் 10 பொதுத் தேர்தலில் தீவகத்தில் நடந்த மோசடிகளையும் மிரட்டல்களையும் பி.பி.சி.க்கும் வீரகேசரிக்கும் எழுதியவர் மயில்வாகனம் நிமலராஜன். ஒன்பதாம் நாள், ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் அவரது வீட்டிலேயே கொல்லப்பட்டார். சோதனைச் சாவடிகள் நிறைந்த நகரில் கொலையாளிகள் வந்து போனார்கள். அந்தக் கொலைக்கு இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு நவம்பர் 28 அன்று நாரந்தனையில் பிரசாரத்துக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டு இருவர் உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் யாழ். மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2016 இல். பதினைந்து வருடம்! தீர்ப்பு வந்ததே என்று ஆறுதல் கொள்வதா, இவ்வளவு காலமா என்று கேட்பதா?

எல்லாவற்றையும் அரசின் தலையில் போட்டுவிட்டு நாம் எழுந்து போகவும் முடியாது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? அதற்கு முந்தைய ஆண்டு செப்டெம்பரில் வைத்திய கலாநிதி ராஜினி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளையும் பற்றி எழுதிய பெண் அவர். அவருக்காக அழுதவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் அழுதார்கள்.

இளைய மாணவியருக்கு உபயோகமான ஒரு விடயம். அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை ஒருமுறை வாசியுங்கள், தமிழிலேயே இருக்கிறது. சிந்தனைச் சுதந்திரத்துக்கும், சித்திரவதையிலிருந்து விடுதலைக்கும் அங்கு விதிவிலக்கே இல்லை. பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் சேர்தல் ஆகியவற்றுக்குச் சட்டத்தால் கட்டுப்பாடு விதிக்கலாம். உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. நெடுந்தீவுப் பெண் ஒருத்தி குறிகட்டுவானுக்குப் படகேறி, யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இரவு முழுதும் பயணம் செய்ய வேண்டும். வாடைக்காற்று எழுந்தால் படகே ஓடாது. ஒரு மாதம் என்று எழுதியவர்கள் எமது கடலைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆகவே இதை நினைவில் வையுங்கள்: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. 2016 இன் தகவலறியும் சட்டமும் அப்படியே. இறங்குதுறைத் திருத்த வேலை ஏன் நிற்கிறது என்று எவரும் எழுதிக் கேட்கலாம், கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் காணுமா? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரில் 2007 இல் ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பார்த்தால் எமக்குக் குடை பிடிக்கும் சட்டம். 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மூன்று பெண்களும் ஒரு ஆணும் அதன் கீழ்த்தான் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சி. அதே ஆண்டு தொடக்கத்தில் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது. பெண்களை இணையத்தில் இழிவு செய்வோரைத் தடுக்கத்தான் என்றார்கள். அந்தத் தேவை உண்மையானது, நாம் மறுக்கவில்லை. அதைத் தடுக்க வந்த வலை எவ்வளவு அகலமானது என்பதுதான் எமது பயம்.

முடிப்பதற்கு முன் ஒரு வீட்டுக் கதை. இந்த மலருக்கு எம் சக மாணவி ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். காணாமற் போன தம்பியைப் பற்றியது. படித்த நாம் அழுதோம். பிறகு கூட்டம் கூட்டினோம். "விழா மலருக்கு இது பொருந்துமோ?" என்றார் ஒருவர். "விளம்பரம் தந்தவர்கள் என்ன நினைப்பினம்?" என்றார் இன்னொருவர். "பெயரை எடுத்துவிட்டுப் போடலாம்" என்றும் யோசனை வந்தது. எவரும் எம்மை மிரட்டவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை. நாமாகவே மூன்று கூட்டம் பயந்தோம். கடைசியில் அவரையே கேட்டோம். "கட்டுரையைச் சுருக்குங்கோ அக்கா, பரவாயில்லை. தம்பியின்ர பெயரை மட்டும் முழுசாய்ப் போடுங்கோ" என்றார்.

கட்டுரையைச் சுருக்கவில்லை. பெயரும் முழுதாக இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எடுத்து வாசியுங்கள்.