கஸ்டமர் கேர் நம்பரை எங்கே தேடுறீங்க?

இன்னைக்குச் சின்ன எபிசோடுதான், ஒரு டீ குடிக்கிற நேரம். கூகுள்ல வார்த்தைகளோட சேர்த்துப் போடுற சர்ச் ஆபரேட்டர்கள் பத்திப் பேசலாம்.

கோடிங் பண்றவங்க சமாச்சாரம்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. யுபிஐ-ல பணம் போயிடுச்சு, எதிர்ப்பக்கம் சேரலைன்னு வைங்க. பதற்றத்துல பேங்க் பேரோட 'கஸ்டமர் கேர் நம்பர்'னு அடிச்சு, முதல்ல கண்ணுல படுற நம்பருக்குப் போன் போடுவோம். மோசடிக்காரங்க காத்திருக்கிறதே அங்கதான். விளம்பரமாவோ, ஏதோ ஒரு பக்கத்துலயோ போலி நம்பரைப் போட்டு வெச்சிருப்பாங்க. போனை எடுக்கிறவர் ரொம்ப மரியாதையா பேசி, ஸ்க்ரீன் ஷேர் பண்ற ஆப் ஒண்ணை இன்ஸ்டால் பண்ணச் சொல்வார். மீதிக் கதை உங்களுக்கே தெரியும். பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம 1930-க்கு அடிங்க.

இதைத் தவிர்க்கத்தான் 'சைட்' ஆபரேட்டர். இங்கிலீஷ்ல சைட், ஒரு கோலன், இடைவெளி விடாம இணைய முகவரி. இடைவெளி விட்டா அது ஆபரேட்டரா வேலை செய்யாது. இந்திய வங்கிகளுக்கு மட்டும்னு 'பேங்க் டாட் இன்' டொமைனை ரிசர்வ் வங்கி அறிவிச்சு, 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா வங்கியும் மாறணும்னு சொல்லுச்சு. அதனால வங்கிப் பேரு, கஸ்டமர் கேர், சைட் கோலன் பேங்க் டாட் இன். வெளி ஆளுங்க எழுதின பக்கங்கள் முடிவுகள்ல வராது. மேல விளம்பரம் வந்தா மட்டும் தொடாதீங்க.

வாட்ஸ்அப்ல 'அரசு உதவித்தொகை'ன்னு ஃபார்வர்ட் வந்தாலும் இதே வழிதான். சைட் கோலன் டிஎன் டாட் கவ் டாட் இன், கூடவே ஃபைல்டைப் கோலன் பிடிஎஃப். அரசாணை அங்க இருந்தா, பெரும்பாலும் பிடிஎஃப்பாவே மாட்டும்.

மேற்கோள் குறிக்குள்ள போட்டா அதே சொற்கள், அதே வரிசை. தமிழ்ல இதுல ஒரு சிக்கல். 'பட்டா மாறுதல்'னு குறிக்குள்ள போட்டா, 'பட்டா பெயர் மாற்றம்'னு எழுதின நல்ல பக்கம் நழுவிடும். ரெண்டையும் தனித்தனி குறிக்குள்ள போட்டு, நடுவுல கேபிடல் எழுத்துல 'ஆர்' போடுங்க. வேண்டாத வார்த்தைக்கு முன்னாடி, ஒட்டி ஒரு மைனஸ்.

இந்த எபிசோடு முடிஞ்சதும் உங்க மொபைல் நம்பரை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடிப் பாருங்க. அஞ்சு அஞ்சு எண்ணாப் பிரிச்சும் ஒரு தடவை. பழைய காலேஜ் லிஸ்ட், சங்க உறுப்பினர் பட்டியல் எதுலயாவது இருந்தா, முதல்ல அந்த சைட்காரங்களுக்கு மெயில் போடுங்க. கூகுள்லயும் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கப் படிவம் இருக்கு. ஆனா அது தேடல்ல இருந்துதான் எடுக்கும், மூல ஃபைல் அங்கேயேதான் கிடக்கும்.