தருமத்துக்கும் ஓர் உறுதி வேண்டும்

(முன்னேஸ்வரத்தில் மாணவர் கல்வி நிதிச் சபையின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்னைநாதரும் வடிவாம்பிகையும் கோயில் கொண்ட திருத்தலத்தில் இன்று நாம் கூடியிருப்பது விழாக் கொண்டாடுவதற்கன்று. தீர்க்க வேண்டிய ஒரு கடமையைத் தீர்ப்பதற்கு. பல்லாண்டுகளாக நம் சபை ஏழை மாணவருக்குப் புத்தகமும் பிரயாணச் செலவும் கொடுத்து வருகின்றது. எனினும் சட்டத்தின் கண்ணுக்கு நம் சபை என்று ஒன்று இல்லை. நாம் இருக்கிறோம்; நம் பணம் இருக்கிறது; நம் சபை மட்டும் இல்லை!

இதன் விலையை நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம். ஓர் அன்பர், இதே போன்றதொரு கூட்டத்தில் எழுந்து, தம் தென்னங்காணியில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்கு விட்டுவிட்டதாக அறிவித்தார். நாம் கைதட்டினோம். சில ஆண்டுகள் தேங்காய் விற்ற பணம் தவறாது வந்தது. அவர் காலமானார். மக்கள் காணியைப் பங்கிட்டார்கள், பின்னர் விற்றார்கள். நாம் சட்டத்தரணியிடம் ஓடினோம். "உறுதி எங்கே?" என்று அவர் கேட்டார். நம்மிடம் இருந்தது கைதட்டல் ஒன்றே.

அந்த மக்கள்மீது நமக்குக் கோபமில்லை. சட்டம் அவர்கள் பக்கம். அசையாச் சொத்தை மாற்றுவதாயின் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது. அறநிலைக்காகக் காணி விடுவதற்கும் நொத்தாரிசு உறுதியோ மரணசாசனமோ வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டத்தின் விதி. எழுதிய உறுதியையும் காணிப் பதிவகத்தில் பதியாமல் பெட்டியில் பூட்டி வைத்தால், பின்னால் எழுதி முன்னால் பதிந்தவன் வெல்லக்கூடும். தவறு நம்முடையது.

"தருமத்துக்குப் பதிவு எதற்கு? இறைவன் அறிவான்" என்று சிலர் சொல்கிறார்கள். அன்பர்களே, நம் முன்னோர் அப்படி நினைத்தார்களா? 15ஆம் நூற்றாண்டில் கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் இந்தக் கோயிலுக்குச் செய்த தருமம் கல்லிலே வெட்டப்பட்டது. 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர்; கல் பேசாமல் இருக்கவில்லை. 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கோயிலை மீண்டும் எழுப்பியபோது, தன் தருமத்தைச் செப்பேட்டில் பொறித்தான். அரசனுக்கே சாசனம் வேண்டியிருந்தது. அரசுரிமையற்ற நமக்கு வேண்டாமா? பதிவு என்பது அந்நியன் கொண்டுவந்த வழக்கமன்று. அது நம் கோயிற் சுவரிலேயே இருக்கிறது.

இனி, சட்டம் எதனை அறம் என்கிறது? இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, 1891இல் ஒரு பெருவழக்கில் நான்காக வகுக்கப்பட்ட இலக்கணம், நம் நாட்டு 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 99ஆம் பிரிவிலும் உண்டு. வறுமை துடைத்தல், கல்வி வளர்த்தல், சமயத்தையும் அதன் கிரியைகளையும் பேணுதல், மனித குலத்துக்கு நன்மை தரும் பிற நோக்கம் என்பனவே அவை. நம் பணி இரண்டாவதில் பொருந்துகிறது, முதலாவதையும் தொடுகிறது. ஆனால் ஒன்றை மறவற்க: பயன் பொதுவுக்குச் சேர வேண்டும். உறுப்பினரின் பிள்ளைகளுக்கே உதவி என்று எழுதினால் அது குடும்ப நிதியாகும், அறமாகாது.

மேல்நாடுகளிற்போல ஓர் ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்து ஒரே இலக்கம் பெறும் வழி இலங்கையில் இல்லை. இங்கே வாசல்கள் பல. காணியைத் தருமகர்த்தாக்கள் பெயரில் நம்பிக்கைப் பொறுப்பாக எழுதலாம், இது ஒன்று. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புக்கள் சட்டத்தின் கீழ்ப் பதியலாம், இது இரண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், இலாபம் பகிராத, உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி ஆகலாம், இது மூன்று. பாராளுமன்றத்தில் தனியார் சட்டமூலம் கொணர்ந்து கூட்டிணைக்கப்படலாம்; இது நான்கு.

நான்காவது வாசல் உயரமானது. 1958இல் தோன்றிய சர்வோதய சிரமதான சங்கம் அதனூடாக நுழைந்தது 1972இல்; பதினான்கு ஆண்டுகள்! மூன்றாவது வாசலில் ஆண்டறிக்கையும் கணக்காய்வும் தொடர்ந்து செலவு கேட்கும். ஆகவே நம் செயற்குழு முதல் இரண்டையும் இணைத்துப் பரிந்துரைக்கிறது: காணிக்கு நம்பிக்கைப் பொறுப்பு உறுதி, சபைக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டப் பதிவு.

இதற்கு முதல் வேலை யாப்பு எழுதுவது. நோக்கத்தைத் தெளிவாக எழுதுவோம். நிதியோ காணியோ எந்த உறுப்பினருக்கும் பங்காகாது என எழுதுவோம். சபை கலைந்தால் எஞ்சிய சொத்து இதே நோக்கமுடைய வேறொரு சபைக்குச் சேரும் என எழுதுவோம். வங்கிக் கணக்கு சபையின் பெயரில் இருக்கும். தலைவரும் காரியதரிசியும் தனாதிகாரியும் ஆகிய மூவருள் இருவர் ஒப்பமிடாமல் ஒரு சதமும் வெளிவராது. ஆண்டுதோறும் கணக்கு, சபையோடு தொடர்பில்லாத கணக்காய்வாளர் கைக்குப் போகும். பொதுக்கூட்டத்தில் தமிழில் உரக்க வாசிக்கப்படும்.

வரிச்சலுகையைப் பற்றி ஒரு பேராசை நம்மிடையே உலவுகிறது. பதிந்த மறுநாளே நன்கொடையாளர் அனைவருக்கும் வரி குறையும் என்கிறார்கள். அப்படியன்று. பதிவு வேறு, இறைவரி அங்கீகாரம் வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க இறைவரிச் சட்டம், நோயாளரையும் வறியோரையும் இல்லம் அமைத்துப் பராமரிக்கும் நிறுவனமாக இருந்து, அமைச்சர் அங்கீகரித்த அறநிலையமும் ஆனால், அதற்குக் கொடுத்த தனியாருக்குக் கழிவு தருகிறது. அதுவும் வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, இவற்றுள் குறைந்தது எதுவோ அதுவரை என்றே எழுதியது. நம் கல்வி நிதிக்கு அந்த வாசல் தானாகத் திறவாது. பொய் நம்பிக்கை ஊட்டிப் பணம் சேர்ப்பது நம் சபைக்கு அழகன்று.

மற்றோர் அச்சம் நியாயமானது. "பதிந்தால் அரசாங்கம் உள்ளே வரும்" என்கிறீர்கள். ஆம், வரலாம். மோசடி முறைப்பாடு எழுந்தால் விசாரணை நடத்த 1980ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 1998இல் செய்த திருத்தம், நிர்வாகக் குழுவை ஒதுக்கி இடைக்கால சபை அமைக்கவும் வழி வகுத்தது. 2010இல் அரச சார்பற்ற நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டபோது தமிழ்ச் சங்கங்கள் அஞ்சியதில் வியப்பில்லை. இவற்றை மறைத்து உங்கள் வாக்கைக் கேட்க நாம் விரும்பவில்லை.

ஆனால் பதியாதவர்க்கு என்ன காப்பு? 1923இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். 1960இலும் 1961இலும் இயற்றிய சட்டங்களால் அதன் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. பாடசாலைகள் போயின, சங்கம் போகவில்லை. பெற்றோரற்ற சிறாரைப் பேணும் பணியில் அது நின்றது. ஆளைச் சார்ந்த தருமம் ஆளோடு போகும்; அமைப்பாய் நின்ற தருமம் அடிபட்டும் எழும். தூய கணக்குடையவனுக்கு விசாரணை தொல்லை தரலாம், அழிவு தராது. உறுதியில்லாதவனுக்கோ விசாரணையே தேவையில்லை. ஒரு மரணமே போதும்.

இந்தக் கரையில் இது வெறும் பணப் பிரச்சினையன்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, பாட்டன் தமிழ் பேச, பேரன் அதனை அறியாத வீடுகள் எத்தனை! உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் தமிழ் இன்னும் வகுப்பறையில் ஒலிக்கிறது. ஒரு பிள்ளை பஸ் கட்டணமின்றிப் படிப்பை நிறுத்தும்போது, ஒரு பிள்ளை மட்டும் நிற்பதில்லை. அதன் பின் வருவதும் நிற்கிறது.

ஆதலின் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். யாப்பை இன்று வாசித்து, திருத்தி, வாக்கெடுப்போம். நிதியைச் சபையின் பெயருக்கு மாற்ற இருவரை நியமிப்போம். காணி தர வாக்களித்திருக்கும் அன்பர்களோடு நொத்தாரிசிடம் சென்று உறுதி எழுதி, சிலாபத்தில் பதிவோம். விவசாயிகள் காணி தருவார்கள். கற்றவர்கள் கணக்கும் எழுத்தும் தருவார்கள். இரண்டில் எது குறைந்தாலும் தருமம் நொண்டும்.

இம்முறை கைதட்ட வேண்டாம், அன்பர்களே. கையொப்பமிடுங்கள்.