தைராய்டுக் குறையும் சத்து மாத்திரைகளும்



நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற சிறு சுரப்பி ஒன்று அமைந்துள்ளது. அதுவே தைராய்டு. அது சுரக்கும் தைராக்சின் குறையுமாயின் சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மறதி முதலியன மெல்ல மெல்லத் தோன்றும். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ நூற்றுக்கு 11 பேரிடம் இக்குறை இருப்பதைக் கண்டது. எனவே இது உங்கள் தாயாருக்கோ தமக்கைக்கோ, ஏன், உங்களுக்கேகூட உரிய செய்தியாக இருக்கலாம்.

எங்கள் வேலப்பன்சாவடியிலும் சரி, பூவிருந்தவல்லிக் கடைத்தெருவிலும் சரி, “தைராய்டுக்கு நல்லதாக ஏதேனும் சத்து மாத்திரை கொடுங்கள்” என்று கேட்போர் உண்டு. அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “எனக்கு எந்தச் சத்துக் குறைவு?”

தைராக்சின் உருவாக அயோடின் இன்றியமையாதது. 1956இல் தொடங்கி, மருத்துவப் பேராசிரியர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு நடத்தினர். சில வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு வட்டாரத்திற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. அயோடின் உப்பு பெற்ற பள்ளிச் சிறுவரிடையே கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று.

நம் உப்பு கடலுப்புத்தானே, அதில் அயோடின் இராதா என்று நீங்கள் கேட்கலாம். கடலுப்பில் இயல்பாக எஞ்சும் அயோடின் மிகமிகச் சொற்பம். ஆதலால் தூத்துக்குடியில் விளைந்த உப்பாயினும் அயோடின் சேர்த்தாக வேண்டும். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருத்தல் வேண்டுமென்பது விதி. அஃதாவது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம்; கருவுற்ற தாய்க்கு 250. உப்போடு பால், முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்தும் அயோடின் கிடைக்கிறது.

அப்படியாயின், அயோடின் உப்பை உண்ணும் நகரத்தாருக்கு இக்குறை ஏன் வருகிறது? பெரும்பாலும் உடலின் தற்காப்பு ஆற்றலே திசைமாறித் தைராய்டைத் தாக்குவதால்தான். 1912இல் இதனை விளக்கிய ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் இந்நோய் வழங்குகிறது. இதற்கு அயோடின் மருந்தன்று. கடற்பாசி மாத்திரைகள் சிலவற்றில் தேவைக்குப் பன்மடங்கு அயோடின் இருப்பதால், அவை சுரப்பியை மேலும் முடக்கவும் கூடும். செலினியமும் அத்தகையதே, சிறிதளவு தேவை, மிகுந்தால் நஞ்சு.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளின் நிலை வேறு. பலருக்கு அவை உண்மையாகவே தேவை. பள்ளிகளில் மாணவியர்க்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்குவதும் அதனாலேயே. ஆயின் இவை குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை ஏற்காதபடி தடுக்கின்றன. மருந்தும் வீண், பணமும் வீண். ஆதலின் தைராக்சினை விடியலில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் உட்கொள்ள வேண்டும். காபியும் சிற்றுண்டியும் அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மற்றொரு வகையில் ஏமாற்றும். அது இரத்தப் பரிசோதனையின் முடிவையே பிழைபடக் காட்டக்கூடும். சோதனைக்கு இரண்டு நாளேனும் முன்னர் அதனை நிறுத்துவதோடு, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். வைட்டமின் டி, பி12 ஆகியவற்றின் குறைவைச் சோதனையால் அறியலாம். அறிந்த பின்னரே உண்ணலாம். எந்தச் சத்து மாத்திரையும் தைராக்சினுக்கு ஈடாகாது. சத்து மாத்திரையை நம்பித் தைராக்சினை நிறுத்துவது பெருந்தீங்கு.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்னும் நெறி தமிழருக்குப் புதிதன்று. இன்று மாலை உங்கள் இல்லத்து மருந்துப் பெட்டியைத் திறந்து, எந்த மாத்திரை எந்த நேரத்திற்குரியது என்று ஒரு தாளில் எழுதி அன்னையிடம் கொடுங்கள். நீங்கள் கற்ற அறிவியல் அங்கே பயன்படட்டும்.