ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் கிளினிக்



நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து வந்திருக்கிறோம். பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாக இறங்கும் ரோட்டு செங்கலடியில் போய் முடியும். அங்கிருந்து எங்கள் ஊர்கள் கிட்டத்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி எங்கள் பக்கம் குடியேறிய குடும்பங்களும் உண்டு. ஆகவே எங்களை அந்நியராக நினைக்க வேண்டாம்.

இன்று பேசப்போவது குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயைப் பற்றி. கண்ணுக்குள்ளே நீர் ஊறும், ஊறியபடியே வடியும். வடிகிற வழி சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அது பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. பக்கப் பார்வை முதலில் போகும், நேர்ப் பார்வை கடைசிவரை இருக்கும். கொழுந்து தெரியும், கணக்கப்பிள்ளை முகமும் தெரியும், பக்கத்திலுள்ள கான் மட்டும் தெரியாது. தடுக்கி விழுந்தால் "வயசு போயிட்டுது" என்று விட்டுவிடுகிறோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 40 வயது தாண்டியவர்களில் 100க்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் காணப்பட்ட வகையில், 100க்கு 93 பேருக்கு அதுவரை நோய் இருப்பதே தெரியாது.

சொட்டு மருந்துக்கு அழுத்தம் அடங்காவிட்டால் ஒப்பரேஷன். இங்கிலாந்தில் கெயர்ன்ஸ் என்ற டாக்டர் 1968இல் விவரித்த முறைதான் இன்றும் அதிகம் நடக்கிறது. நீங்கள் மலையில் கான் வெட்டுவதைப் போல, கண்ணின் வெள்ளையில் நீர் வடிய ஒரு புதுக்கான் வெட்டுகிறார்கள். இங்கேதான் சங்கடம். மற்ற ஒப்பரேஷனில் காயம் சீக்கிரம் ஆறினால் சந்தோஷம். இதில் காயம் முழுசாக ஆறிப்போனால் கான் தூர்ந்துவிடும்! உடம்பு மூடப் பார்க்கும், டாக்டர் திறந்து வைக்கப் பார்ப்பார். அதனால்தான் மறுநாள் வா, அடுத்த கிழமை வா, அதற்கடுத்த கிழமையும் வா என்கிறார்கள். தையலைத் தளர்த்துவது, சொட்டு மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் அந்த முதல் சில கிழமைகளில்தான். பிந்திப் போனால் தளர்த்துவதில் பிரயோசனம் குறைவு.

ஆனால் ஆள் ஏன் வருவதில்லை? நாங்கள் கண்ட முதல் காரணம் பணமோ தூரமோ அல்ல. கற்றரைக் ஒப்பரேஷன் செய்தவருக்குச் சில நாளில் உலகமே பளிச்சென்று தெரியும். குளுக்கோமாக்காரருக்கு ஒன்றும் கூடாது, சில கிழமைக்கு மங்கலாகக்கூட இருக்கும். படுவான்கரையில் ஒரு பெரியவர் கேட்டார், "தெரியாத கண்ணைக் காட்ட எதுக்கு பஸ்காசு?" நியாயமான கேள்விதான். போன பார்வையைத் திருப்பித் தர எந்த ஒப்பரேஷனாலும் முடியாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இது. இதைக் கத்தி வைக்கும் முன்பே நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளங்கச் சொன்னால், அவர்கள் தேதி தவறாமல் வருகிறார்கள்.

தூரமும் இருக்கிறது, மறுக்கவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்கள் பெரும்பாலும் "பாதை" என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். 2007 வரை யுத்தத்தில் சோதனைச்சாவடிகள் வேறு. மாரி மழையில் ரோட்டு தண்ணீருக்குள் போனால் கிளினிக் தேதியும் போச்சு. எங்களுக்கு வாவி, உங்களுக்கு மலை. அதோடு உங்களுக்கு பேர் விழாத நாளின் சம்பளமும் போய்விடும்.

ஆகவே இதைத் தனி ஆளின் தலையில் மட்டும் கட்ட முடியாது. டிக்கட் வெட்டி அனுப்பும்போதே அடுத்த தேதியை வாங்கி, தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். முதல்நாள் மாலை யாராவது லயத்துக்குப் போய் ஞாபகப்படுத்தட்டும். நலன்புரி உத்தியோகத்தரும் தலைவர்மாரும் துரையிடம் பேசி, சில கிழமைக்கு இலேசான வேலை கேட்டுக் கொடுங்கள். நிறைந்த கூடையைத் தலையில் கயிறு போட்டுச் சுமந்து, குனிந்து ஏறுவது புதிதாக வெட்டிய கண்ணுக்கு ஆகாது. மருந்தடிக்கிற மலைக்கும் அந்த நாட்களில் போகக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது பீலித் தண்ணீர் கண்ணில் படாமல் பார்க்க வேண்டும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் ஒன்றும் ஊற்ற வேண்டாம். பாட்டிமார் கோபிக்கக் கூடாது!

இன்னொன்று. ஒப்பரேஷன் செய்து பத்து வருஷமானாலும் அந்தக் கண் சிவந்து, வலித்து, பூளை தள்ளினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குச் சம்பள நாள், நாளை மறுநாள் பார்ப்போம் என்றால், கிருமி உள்ளே இறங்கி ஒன்றிரண்டு நாளிலேயே கண்ணை முடித்துவிடும். இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டிமொலோல் சொட்டு மருந்து இழுப்பைக் கூட்டும், அதற்குப் பதில் வேறு மருந்து உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். பெயரை இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள்.

சொட்டு மருந்துப் போத்தல் கொண்டுவந்திருக்கிறவர்கள் முன்னுக்கு வாருங்கள், போடும் விதத்தைக் காட்டுகிறோம். பலர் கன்னத்துக்குத்தான் மருந்து போடுகிறார்கள். வீட்டில் மருந்து போட்டுவிடும் மகளோ மருமகளோ வந்திருந்தால் அவர்களும் கூட வரட்டும்.