கணக்கேடு யார் கையில்?

(மாணவர் வியாசப் போட்டியை முன்னிட்டுக் கூடிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தார் இவ்வாண்டு மாணவர்க்கென ஏற்படுத்தியுள்ள வியாசப் போட்டிக்கு, விண்வெளித் தொழில்நுட்பம், பிளாக்செயின், பரவல் இணையம் என்னும் மூன்றையும் சேர்த்து ஒரே விஷயமாகக் கொடுத்திருக்கின்றனர். கல்வி, ஒழுக்கம், சிக்கனம் முதலிய பழைய விஷயங்கள் இருக்க, வானத்தையும் வலையையும் பற்றிய இவ்விஷயம் நம் பிள்ளைகளுக்கு எதற்கென்று பெரியோர் சிலர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை கூறுவதும், மூன்று மணிகளாகத் தோன்றும் இவற்றைக் கோக்கும் நூல் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதுமே இன்று என் உத்தேசம். பொதுவான கணக்கும் பொதுவான செய்தியும் யார் கையில் இருக்கின்றன, அவற்றை மற்றவர் சரிபார்க்க வழியுண்டா என்ற கேள்வியே அந்நூல். இக்கேள்வி நம் சங்கத்துக்குப் புதிதன்று.

முதலில் இணையத்தை நோக்குவோம். 1964-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ராண்ட் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பால் பாரன் என்னும் அறிஞர், யுத்தத்தில் ஒரு நிலையம் அழிந்தாலும் செய்திப் போக்குவரத்து நின்றுவிடாதிருக்க வழியென்ன என்று ஆராய்ந்து, மூவகை அமைப்புக்களை வரைந்து காட்டினார். முதலாவது, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல எல்லாம் ஒரே குடத்திற் போய்ச் சேர்வது. இரண்டாவது, அத்தகைய குடங்கள் பலவற்றை உடையது. மூன்றாவது, மீன்வலையைப்போல ஒவ்வொரு முடிச்சும் அண்டையிலுள்ள பல முடிச்சுக்களோடு பிணைக்கப்பெற்றது. குடம் உடைந்தால் சக்கரம் வீழும்; வலையில் ஒரு முடிச்சு அறுந்தாலோ செய்தி வேறு முடிச்சு வழியாகப் போய்ச் சேரும். 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வகுத்த உலகளாவிய வலைத்திட்டமும், 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி எவரும் கட்டணமின்றிக் கையாளும்படி உலகத்தாருக்கு விடப்பெற்றது.

இங்ஙனம் எல்லோருக்கும் பொதுவாய்ப் பிறந்த வலை, நாளடைவில் சில பெரிய கம்பெனிகளின் குடங்களிற் சென்று சேர்ந்துவிட்டது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் கம்பெனியாரின் தலைமை இணைப்புக்களில் நேர்ந்த ஒரு தவறான மாற்றத்தால், பேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. யுத்தமில்லை, பகைவரில்லை, ஓரிடத்துப் பிசகு எல்லா நாட்டாரையும் வாய்மூடச் செய்தது. இந்நிலையை மாற்றி, வலையை மீண்டும் வலையாகவே ஆக்கவேண்டுமென்ற முயற்சிக்கே பரவல் இணையம் என்று பெயர்.

இனி, பிளாக்செயின் என்பதற்கு வருவோம். இதைக் கட்டச்சங்கிலி என்றும் தமிழில் வழங்குகின்றனர். பெயரைக் கேட்டு மருள வேண்டுவதில்லை; இது ஒரு பேரேடு. 1991-இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர், ஒரு பத்திரம் இன்ன காலத்தில் இவ்வாறே இருந்தது, பின்னர் எவரும் திருத்தவில்லை என்று நிரூபிக்கும் உபாயம் ஒன்றைக் கண்டனர். மனிதனுக்குக் கைரேகை இருப்பதுபோல, எந்த எழுத்துக்கும் கணித முறையால் ஒரு ரேகை எடுக்கலாம். மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முற்றிலும் மாறிவிடும். ஒவ்வொரு பத்திரத்தின் ரேகையையும் அடுத்ததனோடு பிணைத்துச் சென்றால், நடுவில் ஒன்றைத் திருத்துகிறவன் பின்னுள்ளவை அனைத்தையும் திருத்தியாக வேண்டும். 1995 முதல் இத்தகைய ரேகையை அவர்கள் ஏற்படுத்திய ஸ்தாபனம் வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரமாகவே அச்சிட்டு வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றுவிட்ட பத்திரிகையை எவன் திருத்த முடியும்?

நமது சங்கத்து வரவு செலவை இந்தச் சஞ்சிகையில் அச்சிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்புவதன் பயனும் இதுவே. காரியதரிசியின் பெட்டியில் மட்டும் இருக்கும் கணக்கு, அவருடைய நேர்மை ஒன்றையே நம்பி நிற்பது. நூறு வீட்டுப் பரணில் இருக்கும் கணக்குக்கோ நூறு சாட்சிகள் உண்டு. அது காரியதரிசியை அவமதிப்பதன்று. பொய்ப் பழியினின்று அவரைக் காப்பதுமாகும்.

2008 அக்டோபர் 31-ஆம் தேதி சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில், இன்னாரென்று இன்றளவும் உறுதிப்படாத ஒருவர் வெளியிட்ட பிட்காயின் திட்டம் இவ்வுபாயத்தையே பணத்துக்குப் பிரயோகித்தது. அதன் முதற் பக்கம் 2009 ஜனவரி 3-ஆம் தேதியிடப்பெற்றது. அன்று முதல் ஏறக்குறையப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கமாக அப்பேரேடு வளர்ந்துவருகிறது. உலகெங்கும் பல கணினிகள் முழுப் பிரதி வைத்துச் சரிபார்க்கின்றன.

ஆயினும் ஒன்றை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும். எழுதியது மாறவில்லை என்பதைத்தான் இப்பேரேடு நிரூபிக்கும். எழுதியது மெய் என்பதை நிரூபியாது. பத்து மூட்டை நெல்லை நூறு மூட்டையென்று முதலிலேயே எழுதிவிட்டால், அப்பொய் அழியாப் பொய்யாய் நிலைத்து நிற்கும். மூட்டையை எண்ணிப் பார்க்க மனிதனும் மனச்சாட்சியும் வேண்டும்.

இவற்றுக்கும் வானத்துக்கும் சம்பந்தம் என்னவெனில், தூரம் என்பதே விடை. ஒளி விநாடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். சந்திரனுக்கு அது ஒன்றேகால் விநாடியிற் போய்ச் சேரும். செவ்வாய்க்கோ, கிரகங்களின் நிலைக்கேற்ப மூன்று நிமிஷம் முதல் இருபத்திரண்டு நிமிஷம் வரை ஆகும். எந்த யந்திரமும் இந்த எல்லையைக் கடவாது. செவ்வாயிலிருந்து ஒருவன் பிட்காயின் பேரேட்டிற் பக்கம் எழுதப் புகுந்தால், பூமியில் ஒரு பக்கம் முடிந்ததென்ற செய்தி அவனுக்கு எட்டுமுன் இங்கே இன்னும் இரண்டு பக்கங்கள் எழுதப்பட்டிருக்கவுங் கூடும். ஆகவே, பிரபஞ்சம் முழுமைக்கும் ஒரே உடனடிக் கணக்கு என்று பேசுவது வெறும் அலங்காரமே. அக்காலத்தில் கடல் கடந்து கடை வைத்த வியாபாரிகள் அங்கங்கே கணக்கு வைத்துக் கப்பல் வந்தபோது நேர் செய்துகொண்டாற்போல, ஒவ்வோர் உலகமும் தன் கணக்கைத் தானே வைத்து அவ்வப்போது நேர் செய்துகொள்வதே இயலும்.

செய்தி அனுப்புவதிலும் இதே முறையைத்தான் அறிஞர்கள் கைக்கொண்டனர். இணையத்துக்கு அடிகோலியவருள் ஒருவரான விண்டன் செர்ப் முதலியோர் 1998-இல் கிரகங்களுக்கிடையிலான இணையத்தைப் பற்றி ஆராயத் தொடங்கினர். இடையில் தொடர்பு அறுந்தால் செய்தியை எறிந்துவிடாமல், பழைய அஞ்சல் ஓட்டக்காரர் ஒரு சாவடியில் மூட்டையை வைத்துக் காத்திருந்து அடுத்தவரிடம் ஒப்படைத்தது போல, ஒவ்வொரு நிலையமும் சேமித்து வைத்து வழி திறந்தபோது அனுப்புவதே அவர்கள் கண்ட முறை. 2008-இல் நாசா ஸ்தாபனத்தார், சுமார் மூன்று கோடியே இருபது லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஒரு விண்கலத்தோடு இம்முறையிற் படங்களைப் பரிமாறி வெற்றி கண்டனர்.

இனி, வானத்திற் பறப்பதெல்லாம் பரவலானது என்று மயங்குதல் கூடாது. 2017 முதல் பிளாக்ஸ்டிரீம் என்னும் கம்பெனி பிட்காயின் பேரேட்டைச் செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பி வந்தது. இணையமில்லாத ஊரிலும் ஒரு சிறு தட்டு ஆன்டெனாவால் அதைப் பெற முடிந்தது. நல்ல உபாயமே. ஆயினும் அக்கோள்கள் பிறரிடம் குத்தகைக்குப் பெற்றவை. ஸ்டார்லிங்க் என்னும் இணையச் சேவையின் முதற் கூட்டமான 60 கோள்கள் 2019 மே மாதத்தில் ஏவப்பெற்றன. இன்று பூமியைச் சுற்றி இயங்கும் கோள்களிற் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு கம்பெனியுடையவை. 2025 ஜூலை 24-ஆம் தேதி அதன் மென்பொருளில் நேர்ந்த ஒரு கோளாற்றால் பல நாடுகளில் அச்சேவை இரண்டரை மணி நேரம் நின்றது. ஆயிரக்கணக்கான கோள்கள் இருந்தும் குடம் ஒன்றே! எண்ணிக்கை பரவலாகாது, அதிகாரம் பரவினாலன்றோ பரவல்?

தாய்மார்களே! இது உங்கள் பெட்டகத்தையும் தொடும் விஷயம். பிளாக்செயின் என்னும் பெயரைச் சொல்லி, மாதம் இத்தனை மடங்கு பெருகும் நாணயம் என்று வீடு தேடி வருவோர் உளர். பேரேடு வேறு, அதைக் காட்டி விற்கப்படும் நாணயம் வேறு. 2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். என்னும் பெரிய நாணயச் சந்தை வீழ்ந்தபோது, கணித முறை தவறவில்லை. ஜனங்கள் தங்கள் பணத்தை மீண்டும் ஒருவர் கையிலேயே ஒப்படைத்திருந்தனர். அச்சந்தையை ஏற்படுத்தியவருக்கு 2024 மார்ச்சில் 25 வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் தேசத்தில் இத்தகைய சொத்தின் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 30 வீதம் வரி உண்டு. வரி வாங்குவதால் அரசாங்கம் அதற்குப் பிணை நிற்பதாக எண்ணுதல் தவறு. மேலும், இரகசியத் திறவுகோலைத் தாமே வைத்திருக்கும் குடும்பத் தலைவர், வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லாமற் காலமானால், முறையிட ஓர் ஆபீசும் இல்லை. எவர் கையிலும் இல்லாத கணக்கு, உதவுவதற்கும் ஒரு கையில்லாத கணக்காகும்.

பெரியோர்களே! நம் பிள்ளைகளுக்கு இவ்விஷயம் தூரத்துக் கதையன்று. 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்திற் பிறந்த வீரமுத்துவேல் அவர்கள். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் இடப்பெற்றது. அங்கிருந்து தெற்கே ஏவினால் சிறு ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. கற்றவர்க்கு வேலை நம் கடற்கரைக்கே வருகிறது.

ஆதலால் வாலிபர்களே! இக்காலத்தில் யந்திரமே வியாசம் எழுதிக் கொடுக்கும். அதைப் படித்துக் களிப்பதற்குப் பரீட்சகர் வேண்டுவதில்லை. எந்தப் புதுமையைப் பற்றி எழுதினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் எழுத யாருக்கு உரிமை? எழுதியதைச் சரிபார்க்க யாருக்கு வழி? இதை நிறுத்திவிட யாருக்குச் சக்தி? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தேடிய வியாசம், பரிசு பெறினும் பெறாவிடினும், எழுதியவரை அறிவுடையவராக்கும். அவ்வாறே இக்கேள்விகளை நம் சங்கத்தின் கணக்கைப் பார்த்தும் கேளுங்கள். கேட்கும் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்காமல் பேரேட்டைத் திறந்து காட்டுவது பெரியோராகிய நம் கடமை.