ஒரே காற்றின் வழியில் ஒரு பகல்



கொச்சித் துறைமுகத்துக்கு வரும் சொகுசுக் கப்பல்கள் காலையில் கரையைத் தொட்டால் பெரும்பாலும் மாலையிலேயே சங்கு ஊதிக் கிளம்பிவிடும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தை என்ன செய்வது என்பதில் பயணிகளுக்குப் பெரிய குழப்பம். எழுபது கிலோமீட்டர் போய் அதிரப்பள்ளி அருவியைப் பார்ப்பதா, மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி என்று ஊரைச் சுற்றுவதா? அருவிக்குப் போனால் ஊர் போயிற்று, ஊரைப் பார்த்தால் அருவி போயிற்று.

நம் பக்கத்தில் அந்தக் குழப்பமே வேண்டியதில்லாத ஓர் ஊர் உண்டு. கடலும் கப்பலும்தான் அங்கே கிடையாது. சென்னை எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிந்து கொஞ்ச நேரத்தில் தென்காசி. திரும்பும் பொதிகை அன்று மாலையே செங்கோட்டையிலிருந்து புறப்படுகிறது. நடுவில் ஒரு முழுப் பகல். அதற்குள் அருவியில் குளிக்கலாம், கோயில் பார்க்கலாம், பரோட்டா சாப்பிடலாம், சுந்தரபாண்டியபுரத்து வயல்வெளியில் நடக்கலாம். எல்லாமே தென்காசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள்.

ராஜபாளையம் தாண்டும்போது எழுந்து உட்காருங்கள். ரயில் போகும் திசைக்கு வலது கைப்பக்க ஜன்னல். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். கடையநல்லூரை நெருங்கும்போது மலையின் தலை தெரிகிறதா, மேகத்துக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலைத் தலை தெரியவில்லை என்றால் சந்தோஷப்படலாம். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று பொருள்.

இந்த வட்டாரத்தின் சூட்சுமம் முழுவதும் மலையில் இருக்கும் ஓர் இடைவெளியில்தான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து கேரளத்துப் பக்கத்துச் சரிவில் மோதி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் தமிழ்நாட்டுக்கு மிஞ்சுவது வறண்ட காற்று. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கத்தில் மலை தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. அந்த வழியாகக் காற்று ஈரத்தோடு இந்தப் பக்கம் நுழைந்துவிடுகிறது. கொல்லத்துக்குப் போகும் ரயிலும் சாலையும் அந்தக் கணவாய் வழிதான். குற்றாலத்துச் சாரல், தென்காசிக் கோபுர வாசலின் காற்று, சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகள் மூன்றுக்கும் மூலம் அதுவே. அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் வழியிலேயே நம் பகலையும் போட்டுக்கொள்வோம்.

முதலில் அருவி. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. சீசனில் வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் எந்நேரமும் உண்டு. வழியில் மேலகரம் என்றொரு ஊர் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

மெயின் அருவி என்று எல்லோரும் சொல்வது பேரருவியைத்தான். அண்ணாந்து பார்த்தால், அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்குக் கீழே மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று தோன்றும். பதில் பாதி உயரத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. நடுவில் பாறையில் குடைந்த ஆழமான பள்ளம் ஒன்று உண்டு, பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, நிரம்பிப் பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் குற்றாலம் பார்க்கிற அருவியாக மட்டும் இருந்திருக்கும். குளிக்கிற அருவியாக ஆகியிருக்காது.

உள்ளே போனதும் முதல் அடியில் மூச்சு முட்டும். தலையைக் குனிந்து தோளைக் கொடுங்கள், சரியாகிவிடும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் இங்கே அனுமதி இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தடை போட்டிருக்கிறது. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போய் நிற்பதுதான் குற்றாலம் என்று நினைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். அதே தண்ணீர்தான் சிற்றாறாக இறங்கி, பல ஊர்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது என்பதை நினைத்தால் தடை நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பேரருவிக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களின் அளவுகோல் அதுதான். "ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் குளியல் கிடையாது. போலீஸ்காரர் விசில் ஊதினால் வெளியே வந்துவிடுங்கள், இன்னும் ஒரு நிமிஷம் என்று கெஞ்ச வேண்டாம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலைக்குள் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அது இங்கே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் இறங்கி, ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

சிலர் எல்லா அருவியிலும் குளித்தேன் என்று கணக்குக் காட்டவே குற்றாலத்துக்கு வருகிறார்கள். செண்பகாதேவியும் தேனருவியும் மலைக்கு மேலே, வனத்துறையின் கட்டுப்பாட்டில். ஒரு பகல் பயணத்தில் அவற்றை நினைக்கவே வேண்டாம். பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை என்றால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஐந்தருவி. அது போதும். துணி மாற்றும்போது பையை மட்டும் கீழே வைக்காதீர்கள். குரங்குகள் ஜிப் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

குளித்த தலை காய்வதற்குள் அருவியை ஒட்டியே இருக்கும் குற்றாலநாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் சங்கு வடிவில் இருக்கும் கோயில் இது. தலமரம் குறும்பலா. கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டித் தனியாக நிற்கிறது சித்திர சபை. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம் என்றால், இங்கே சித்திரம். சிலைக்குப் பதில் சுவரில் தீட்டிய ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச் சுவர் முழுவதும் புராண ஓவியங்கள். கூரை செப்புத் தகடு. குற்றாலத்துக்குப் பல தடவை வந்தவர்களிலும் சித்திர சபைக்குள் நுழையாதவர்கள் நிறையப் பேர். அருவியில் கூடுதலாக நிற்கும் அரை மணி நேரத்தை இங்கே கொடுத்துப் பாருங்கள்.

குற்றாலத்தை விட்டு நகர மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். டி.கே.சி. என்றால்தான் பலருக்குத் தெரியும். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். சாரலும் கம்பனுமாக நாள்கள் கழிந்தன. 1954-இல் மறையும் வரை அவருக்கு இதுதான் ஊர். நமக்கு ஒரு பகல்தான் என்பதால் கிளம்ப வேண்டியிருக்கிறது. போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார்கள். மங்குஸ்தான் வாங்கினால் தோலை லேசாக அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர். செங்கோட்டைக்குப் பக்கத்தில், சாலையின் இருபுறமும் மரம் அறுக்கும் ஆலைகளோடு இருக்கும் இடம். இந்த ஊருக்கு பார்டர் என்ற பெயர் ஏன் என்று கேட்பவர்களுக்கு: செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டா நிலைத்துவிட்டது. வாழை இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழி. அருவிக் குளியலின் பசிக்கு முன்னால் அளவெல்லாம் நிற்காது. சைவக்காரர்கள் தென்காசியிலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

பகல் இரண்டரை வாக்கில் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்கு வடகிழக்கே பத்து கிலோமீட்டர் போல. பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய பேரூராட்சி. சாலையில் போகும்போதே வித்தியாசம் தெரியும். குற்றாலத்தில் முகத்துக்கு நேராக நின்ற மலை இப்போது மேற்கு அடிவானம் முழுவதும் நீளமாக விரிந்து கிடக்கும். அதன் ஓடைத் தண்ணீர் குளம் குளமாகத் தங்கி வயலுக்குப் போகிறது. நெல், வாழை, தென்னை, நடுவில் பெரிய பெரிய பாறைகள். சாரல் இவ்வளவு தூரம் நனைப்பதில்லை. காற்று மட்டும் குறையாது. அதனால்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள்.

சினிமாக்காரர்கள் இந்த நிலத்தை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1992-இல் வந்த "ரோஜா" படத்தில் கதாநாயகியின் ஊர்ப் பெயரே சுந்தரபாண்டியபுரம். 2005-இல் "அந்நியன்" வந்தது; ஒரு பாட்டுக்காக ஊர்ப் பாறைகளில் நடிகர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார்கள். படப்பிடிப்புக் குழு போய்விட்டது, பாறைகளுக்கு அந்நியன் பாறை என்று பேர் தங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள்.

இப்போது ஊருக்கு ஆட்களை இழுப்பது சூரியகாந்தி. ஆடியில் பூக்கத் தொடங்கினால் ஆவணி வரை சாலையோர வயல்கள் மஞ்சளாக நிற்கும். கொல்லம், பத்தனம்திட்டா பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குகிறார்கள். படம் எடுக்க வயலுக்குள் விடுவதற்குச் சில விவசாயிகள் சிறு தொகை வாங்குகிறார்கள். கொடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள். அவர்கள் விதைத்தது எண்ணெய் வித்துக்காக. நாம் மிதிக்கிற ஒவ்வொரு செடியும் அவர்களுக்கு விளைச்சல். எந்த வயலில் சூரியகாந்தி, எந்த வயலில் வேறு பயிர் என்பது விலையைப் பார்த்து மாறும் சங்கதி, ஆகவே போன வருஷத்துப் படத்தை வைத்துக்கொண்டு வயலைத் தேட வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. சூரியகாந்தி சூரியனோடு சேர்ந்து திரும்பும் என்பது மொட்டுப் பருவத்தில்தான். நன்றாக விரிந்து முற்றிய பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். சாயங்காலம் நீங்கள் பூவின் முகத்தைப் பார்க்க நின்றால் எதிரே மேற்கு மலையும் இறங்கும் வெயிலும் இருக்கும். முகம் கொஞ்சம் நிழலாக விழும், ஆனால் இதழ்களுக்குள் வெளிச்சம் ஊடுருவும். பூவும் மலையும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் இந்த நேரம்தான்.

நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டால் தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் மாலை நடை திறப்புக்குச் சரியாக இருக்கும். மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தென்காசியை இருப்பிடமாக்கிக்கொண்டார்கள். அந்த வழியில் வந்த பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோயில் இது. வடக்கே காசி வரை போக முடியாதவர்களுக்குத் தெற்கில் ஒரு காசி. கோயிலுக்கு எதிர்காலத்தில் ஏதேனும் குறை வந்து, அதை யாராவது சரிசெய்தால், அவர்கள் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று அந்த மன்னன் கல்வெட்டில் எழுதி வைத்தான். ராஜா ஒருவன் முன்பின் தெரியாத பிற்கால மனிதர்களை வணங்குவது தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

அவன் பயந்தது நடந்தது. இடி விழுந்து பிளந்த ராஜகோபுரம் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. பிறகு சிவந்தி ஆதித்தன் முயற்சியில் ஒன்பது நிலையும் ஏறத்தாழ 180 அடி உயரமுமாகப் புதிதாக எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கல்வெட்டின் வணக்கம் ஐந்நூறு வருஷம் கழித்து உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோபுர வாசலில் நுழையும்போது வேட்டியையும் சேலையையும் பிடித்துக்கொள்ளுங்கள். கணவாய்க் காற்று இங்கே சுழித்து வீசும். முதலில் எதிரே நின்று தள்ளும், சில அடி நடந்ததும் முதுகுப் பக்கம் தள்ளும் என்பார்கள் ஊர்க்காரர்கள். உள்ளே திருவோலக்க மண்டபத்தின் தூண்களில் வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஆளுயரச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். கோயிலிலிருந்து ரயில் நிலையம் பக்கம்தான். செங்கோட்டைக்குப் போய் ஏற வேண்டாம், திரும்பும் பொதிகை தென்காசியில் நிற்கும். சீசனில் திரும்பும் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. போகும்போதே இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் புனலூருக்கு மலை ஏறி இறங்கும் ரயில் பாதை உண்டு. 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. அகலப் பாதையாக மாறி 2018-இல் மறுபடி திறந்தது. ஆரியங்காவுக் குகையையும், கழுத்துருட்டியில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலத்தையும் அதில் பார்க்கலாம். புனலூர் போய், ஒரு சாயா குடித்து, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் குகைக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்போதே அந்தப் பக்கம் மழை கொட்டும்.