கறுவாவும் நமது நம்பிக்கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நமது வீடுகளில் இப்பொழுது ஒரு புது வழக்கத்தைக் காண்கிறோம். காலையில் சுவாமி கும்பிட்டு முடிந்ததும் பெரியவர்கள் ஒரு போத்தலைத் திறந்து கறுவாக் குளிசை ஒன்றை விழுங்குகிறார்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அன்போடு அனுப்பிய போத்தல் அது. “சலரோகத்துக்கு நல்லதாம், கொலஸ்திரோலும் குறையுமாம்” என்கிறார்கள். இந்த ‘ஆம்’ என்னும் சொல்லைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

நம்மிடையே உள்ள பெரியவர் ஒருவர், கறுவா இருக்கையில் வைத்தியர் தந்த குளிசை எதற்கு என்று எண்ணி அதனை நிறுத்திவிட்டார். வீட்டாருக்கும் சொல்லவில்லை. காலிற் பட்ட சிறு காயம் வாரக்கணக்காக ஆறாமற் போகவே விஷயம் வெளியாயிற்று. கால் தப்பியது ஆண்டவன் கிருபை.

கறுவா நமக்கு அந்நியப் பொருளன்று. ஒல்லாந்தர் காலத்துத் தோட்டத்தின் பெயரே இன்றும் கொழும்பு 7-இல் கறுவாத்தோட்டம் என வழங்குகிறது. நமது கறிச்சட்டியிலும் வைத்தியர் குடிநீரிலும் அதற்கு இடம் உண்டு. ஆயினும், ஒரு பொருள் பழமையானது என்பது வேறு. இன்ன நோயை இவ்வளவு குறைக்கும் என்பது வேறு. பின்னதை மனிதரிடத்திற் சோதித்தே அறியவேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்று பாகிஸ்தானின் பெஷாவரில் நடைபெற்று 2003-இல் வெளிவந்தது. சலரோகமுள்ள 60 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 1, 3 அல்லது 6 கிராம் கறுவாவும், மற்றப் பாதியினருக்கு மருந்தில்லாப் போலிக் குளிசையும் 40 நாள் கொடுத்தார்கள். கறுவா உண்டவர்களின் வெறுவயிற்று இரத்தச் சீனி 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஆனால் இரண்டு உண்மைகள் அவ்வளவு பரவவில்லை. ஒன்று, அங்கே கொடுத்தது நமது இலங்கைக் கறுவா அன்று. கசியா என்னும் வேறு மரத்தின் பட்டை. மற்றொன்று, கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு நிறுவனம் 577 பேரிடம் நடந்த 10 சோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கி, சலரோகத்துக்குக் கறுவாவைச் சிபார்சு செய்யப் போதிய சான்று இல்லை என 2012-இல் அறிவித்தது. அவற்றிலும் பெரும்பாலும் கசியாவே கொடுக்கப்பட்டது.

அப்படியாயின் நமது கறுவா எப்படி? கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் இதனை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். நோயற்ற 30 பேருக்கு இலங்கைக் கறுவாச் சத்தை முதல் மாதம் 85, அடுத்த மாதம் 250, மூன்றாம் மாதம் 500 மில்லிகிராம் வீதம் கொடுத்தனர். பாரதூரமான தீங்கு எதுவும் காணப்படவில்லை. இரத்த அழுத்தமும் கெட்ட கொலஸ்திரோலும் குறைந்தன. மகிழ வேண்டிய செய்திதான். எனினும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மறுகுழு அதில் இல்லை. பங்குபற்றியோர் நோயாளரும் அல்லர். அது முதற்படி மாத்திரமே. முதற்படியில் நின்றுகொண்டு கோபுரத்தைக் கண்டோம் எனலாகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கசியாவிற் கூமரின் என்னும் பொருள் அதிகம். அளவு மீறினாற் சிலருக்கு ஈரலைத் தாக்கும். 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் 2 கிராம் கசியா உண்டாலே பாதுகாப்பு எல்லையை எட்டிவிடக்கூடும். நமது கறுவாவில் அது மிகச் சொற்பம். பட்டையாக வாங்கினாற் கண்டுபிடிப்பது எளிது: நமது கறுவா மெல்லிய பல சுருள்கள் ஒன்றினுள் ஒன்றாய் இருக்கும், கையால் நொறுக்கலாம், கசியா தடித்த ஒற்றைச் சுருள். தூளாகிக் குளிசைக்குள் அடைபட்டபின் கண்ணால் அறிய வழியில்லை.

ஆகவே இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சிறு தொண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மம்மாவின் போத்தலை எடுத்து, எந்தக் கறுவா, எத்தனை மில்லிகிராம் என்று வாசியுங்கள். அடுத்தமுறை வைத்தியரிடம் போகையில் அப்போத்தலையும் கொண்டுசெல்லுங்கள். பெரியோர்களே, கறியிற் சேரும் கறுவாவை யாரும் தடுக்கவில்லை. வைத்தியர் தந்த குளிசையை மாத்திரம் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். குளிசை இரண்டையும் சேர்த்து உண்பதாயினும் அவருக்குச் சொல்லுங்கள். சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும்.

உடம்பினுள்ளே இறைவன் கோயில்கொண்டான் எனக் கண்டு அதனைப் பேணியவர் திருமூலர். கோயிலுக்கு எண்ணெய் வாங்கும்போது கலப்படமோ என்று முகர்ந்து பார்க்கும் நாம், இந்தக் கோயிலுக்குள் இடுவதையும் விசாரித்து இடுவோமாக.